கை வீசி ஏறினால்தான் மாடியாம்

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்த நாள். எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் உண்டு. குழாய் கீழே வாசலில் இருக்கிறது, நான் குடியிருப்பது மாடியில். முழுக்குடம் தூக்க முழங்கால் முட்டு இடம் கொடுக்காது என்பதால் அரைக்குடம் அரைக்குடமாகக் காலை முழுக்கத் தூக்கினேன். பிறகு ஊறவைத்த துணியைக் கீழே கொண்டுபோய்த் துவைத்து, ஈரத்தோடு வாளியில் தூக்கி வந்து, அதற்கும் மேலே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டேன். வெயில் இறங்கியதும் போய் எடுத்து வந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தேன். அதில் படிக்கட்டுப் படம் ஒன்று வரும். அதற்குப் பக்கத்தில் அன்றைக்கு எத்தனை மாடி ஏறினேன் என்று ஓர் எண் வரும்.

பூஜ்யம் என்று காட்டியது.

வெறும் கடிகாரத்தின் மேல் வந்த கோபம் என்றால் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அந்தப் பூஜ்யம் அதே நேரத்தில் பெங்களூரில் என் மகளுடைய போனிலும் தெரியும். அதைப் பார்த்துத்தான் நான் இந்த வீட்டில் இருப்பதா, அவளோடு போய்விடுவதா என்று அவள் முடிவு செய்யப்போகிறாள். அதற்கு நானே வாயைக் கொடுத்து ஒத்துக்கொண்டேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பங்குனி வெயிலில் ஒருநாள் படியேறும்போது மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. படி பாதியில் திரும்புகிற இடத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தளம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துவிட்டேன். கீழே எங்கள் தறிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து அங்கேயே குடியிருந்து நடத்துகிறவரின் மனைவி அந்த வழியாக வந்தவள், என்னைப் பார்த்ததும் பதறிப்போய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் மகள் வந்து நிற்கிறாள். என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். கையோடு திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டுபோய், இருக்கிற சோதனையெல்லாம் எடுக்க வைத்தாள். டாக்டர் இருதயத்தில் கோளாறு இல்லை என்றார். முட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, உடம்பு போட்டிருக்கிறது, மெல்ல மெல்லப் படி ஏறி இறங்குவது நல்லதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"யம்மா, எங்க வீட்ல லிப்ட் இருக்கு. ஒரு படி ஏற வேண்டாம். பேசாம எங்கூட வந்துரு" என்றாள் மகள்.

"ஏறத்தானட்டி டாக்டர் சொன்னாரு?"

"சொன்னாரு. நீ ஏறுதியா இல்லையான்னு நான் பக்கத்துல இருந்தா பாக்கேன்?"

இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் இந்தக் கடிகாரத்தை வாங்கிவந்து என் கையில் மாட்டினாள். என் போனில் என்னென்னவோ தட்டி, அவள் போனிலும் தட்டி, இரண்டையும் சேர்த்து வைத்தாள். "தினமும் பத்து மாடி ஏறுனதா இதுல வந்தா நீ இங்கனயே இரு. நான் வாயே தொறக்க மாட்டேன். வரலன்னா, ஆடித்தபசுக்கு வாரேன்லா, அப்பம் எங்கூட கெளம்பிரணும். சரியா?" என்றாள்.

பத்துதானே என்று சிரித்துவிட்டேன். ஒரு நாளைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஏறுகிறவள் நான். எழுதி வேண்டுமானாலும் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

பெங்களூர் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கிறேன். மகளும் மருமகனும் தங்கமானவர்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் அவர்கள் வேலைக்குப் போனால், ராத்திரி வரும்வரை எனக்கு அங்கே பேச ஆளில்லை. பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். இங்கே கீழே தறி ஓடுகிற சத்தத்தில் போன் பேசுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மகளுக்கு அந்தச் சத்தம் தலைவலி. எனக்கோ அது நின்றால்தான் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். போகமாட்டேன் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இது எனக்குப் போதும்.

முதல் வாரம் வந்த எண்களைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒருநாள் பூஜ்யம், ஒருநாள் இரண்டு, ஒருநாள் ஒன்று, மறுபடி பூஜ்யம். எண் குறைந்த அன்றைக்கெல்லாம் தவறாமல் மகளிடமிருந்து போன் வந்துவிடும்.

"யம்மா, இன்னைக்கு ஒண்ணுதான் காட்டுது. படுத்தே கெடந்தியோ?"

"ஏட்டி, காலையில இருந்து ஏறி எறங்கி இடுப்பு ஒடிஞ்சுபோய் உக்காந்திருக்கேன். படுத்துக் கெடந்தேனாம்லா!"

"பொறவு எதுக்கு அது காட்ட மாட்டேங்குது?"

"அத அதுட்ட கேளு."

"அது பொய் சொல்லாதும்மா."

இந்த ஒரு சொல்லில்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது பொய் சொல்லாதாம். அப்படியானால் நான் சொல்கிறேன் என்றுதானே அர்த்தம்? பெற்று வளர்த்த பிள்ளை, கடையில் வாங்கிய சாமான் சொல்வதை நம்புகிறது, தாய் சொல்வதை நம்பவில்லை. அன்றைக்குப் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அது பொய் சொல்லாது என்பதுதான் பச்சைப் பொய். கல்லில் துணியை அடித்துத் துவைத்தால் நான் நடந்ததாகக் காட்டுகிறது. அம்மியில் அரைத்தாலும் நடைதான். மாவு பிசைந்தாலும் நடைதான். இருந்த இடத்தை விட்டு அசையாமல் கீழரத வீதிவரை போய்வந்த நடை அதில் ஏறியிருக்கும். ஏறாதது மாடி மட்டும்தான்.

நான் கரடியாகக் கத்தியதில் மகள் எங்கேயோ படித்துப்பார்த்து விளக்கம் சொன்னாள். அந்தக் கடிகாரத்துக்குப் படி தெரியாதாம். உயரே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும், அதை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்குமாம். கை ஆடுவதை வைத்து நடையைக் கண்டுபிடிக்குமாம். உயரமும் நடையும் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்தால் ஒரு மாடி என்று போட்டுக்கொள்ளுமாம். "நடுவுல நின்னுராதம்மா. ஒரே மூச்சா ஏறு" என்று புத்திமதியும் சொன்னாள். ஒரே மூச்சாக ஏற முடிந்தால் இந்தக் கடிகாரம் என் கைக்கு எதற்கு வருகிறது?

இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் ஏறிப் பார்த்தேன். குடத்தோடு மேலே வந்து சேர்வதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எண் மாறவில்லை.

காரணம் பிடிபட்டது ஒரு வெள்ளிக்கிழமை. கோவிலுக்குக் கிளம்பித் தெருவரைக்கும் போனபிறகுதான் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பி வந்து, என்னை நானே திட்டிக்கொண்டு, விறுவிறுவென்று கையை வீசி மேலே ஓடினேன். முட்டு வலியெல்லாம் பயத்தில் தெரியவில்லை. அடுப்பு அணைந்துதான் இருந்தது. அப்போது கை மணிக்கட்டில் கிர்ரென்று ஓர் அதிர்வு. பார்த்தால் படிக்கட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று!

சந்தேகம் தீர இறங்கி, வெறுங்கையோடு மறுபடி ஏறினேன். இரண்டு. கீழே போய் அரைக்குடம் தண்ணீரை இடது இடுப்பில் வைத்து, இடது கையால் கழுத்தை அணைத்துப் பிடித்து ஏறினேன். இரண்டு இரண்டாகவே இருந்தது. குடத்தை அணைத்த கை ஆடாது. கை ஆடாவிட்டால் நடையில்லை. நடையில்லாவிட்டால் மாடியில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு விறைத்த கை, அரிசிப் பையை நெஞ்சோடு பிடித்த கை, நனைந்த போர்வையைத் தோளில் தாங்கிய கை, எதுவும் அதற்குப் படியேறும் கையில்லை.

இந்த வீட்டில் வெறுங்கையோடு மாடி ஏறுகிற வழக்கமே கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் மேலே குடிவந்த நாளிலேயே அப்படி ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டோம். ஏறுகிறவர் மேலே வேண்டியதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும், இறங்குகிறவர் கீழே போக வேண்டியதில் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் காலிக் குடமாவது, ஒரு கட்டு விறகாவது. வாசலில் முதல் படியில் எப்போதும் ஏதாவது ஒரு சாமான் அடுத்து ஏறுகிறவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மகளும் அப்படி வளர்ந்தவள்தான். பள்ளிக்கூடப் பையோடு தேங்காயும் கையுமாக அவள் ஏறி வந்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, அவளுக்குத்தான் மறந்துபோயிற்று. இத்தனை வருடம் நான் ஏறிய ஏற்றத்தில், அந்தக் கடிகாரத்தின் கணக்குப்படி, ஒரு மாடிகூட ஏறவில்லை.

இதை மகளிடம் சொன்னேன். "சரிம்மா, அப்பம் வெறுங்கையோட ஏறு" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அதையும் செய்தேன். தண்ணீர், துணி, சாமான் என்று உண்மையாக ஏற வேண்டியதை ஏறி முடித்தபிறகு, கடிகாரத்துக்காகத் தனியாக ஏற ஆரம்பித்தேன். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், மேலே போய் நின்றுவிட்டுத் திரும்பி இறங்குவேன். தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டாள்.

"யக்கா, எதையும் தொலச்சிட்டியளா? நானும் வந்து தேடட்டா?"

சிரிப்புக்குப் பதிலாக எனக்கு அழுகை வந்தது. அந்த வார முடிவில் முட்டு பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. மகள் போனில் மட்டும் அந்த நாலைந்து நாள் எட்டு, ஒன்பது என்று நன்றாக வந்திருக்கிறது. "பாத்தியா, ஏறுனா ஏறுது" என்றாள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். வீக்கத்தைச் சொன்னால் பெங்களூர் என்பாள் என்று சொல்லவில்லை. அதோடு அந்தக் கூத்தையும் நிறுத்தினேன்.

ஆடி பிறந்தது. கோவிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் நேர்ந்துகொண்டபடி காலையும் மாலையுமாகப் பிராகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருடம் என்னால் முடியவில்லை. கீழே இருப்பவள் நூற்றெட்டுச் சுற்று நேர்ந்திருந்தாள். "யக்கா, அந்த வாட்ச இரவல் தாங்களேன். சுத்து எண்ணிக்கை அடிக்கடி விட்டுப்போகுது" என்று கேட்டாள். "அது எண்ணுத லட்சணத்துக்கு அம்மன் உன்ன மறுபடி மொதல்ல இருந்து சுத்தச் சொல்லிருவா" என்றேன்.

தபசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் சாயங்காலம் உடம்பு வலி என்று படுத்தவளால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கீழே ஆளில்லை. கீழ்வீட்டுக்காரியின் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று குடும்பத்தோடு வாசுதேவநல்லூர் போயிருந்தார்கள். தறிகள் நின்று வீடே அமைதியாக இருந்தது. வெளியே ஆடிக் காற்று. மேற்கே மலைப்பக்கமிருந்து வருகிற காற்று எங்கள் ஊரில் வாசல் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும். சன்னல் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ள, எழுந்துபோய்க் கொக்கி போடத் தெம்பில்லாமல் கிடந்தேன். கரண்டும் போய்விட்டது. காற்று வெளியே பேயாட்டம் ஆடினாலும் சுவரோரம் நான் படுத்திருந்த மூலைக்கு வரவில்லை. விசிறியை எடுத்து, படுத்தவாக்கில் இடது கையால் விசிறிக்கொண்டே இருந்தேன். குடத்தின் அடியில் கிடந்த தண்ணீரைத்தான் அன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

எப்படியும் மகள் கூப்பிடுவாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு படிகூட ஏறவில்லை, கடிகாரத்தில் பூஜ்யம் இருக்கும், பூஜ்யம் என்றால் கூப்பிடுவாள். நானாகக் கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். அவளாகக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு, அவளாகத் தெரிந்துகொண்டால் அது வேறு. அந்தக் கடிகாரத்தை நான் நம்பிய ஒரே நாள் அதுதான். மத்தியானம் ஆயிற்று, போன் வரவில்லை. பொழுது சாய்ந்தது, வரவில்லை. கடைசியில் டிங்கென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தேன். கை தட்டுகிற படம், வரிசையாக ஆறேழு. கீழே 'அம்மா சூப்பர்' என்று எழுதியிருந்தாள்.

கடிகாரத்தைத் தட்டினேன். பதினான்கு மாடி.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விசிறியையும் சன்னலையும் மாறிமாறிப் பார்த்தேன். காற்று அடிக்கிற அடியில் அழுத்தம் ஏறி இறங்கியிருக்கிறது, விசிறுகிற கை ஆடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மாடி. தண்ணீர் சுமந்து ஏறிய அன்றைக்குப் படுத்துக் கிடந்தாயா என்று கேட்டவள், படுத்துக் கிடந்த அன்றைக்குக் கை தட்டுகிறாள். அந்த இடத்தில் நான் உடைந்துபோய் அழுதேன். காய்ச்சலுக்கு அழவில்லை. பிள்ளை இருந்தும் ஒருத்தருக்கும் தெரியாமல் கிடக்கிறேனே என்றுதான் அழுதேன்.

மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. ஊரிலிருந்து திரும்பிய கீழ்வீட்டுக்காரி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பகலில் மகள் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"யம்மா, பதினாலு மாடி! நானே இங்க அவ்வளவு ஏற மாட்டேன். நீ ஜெயிச்சிட்ட போ. இனி பெங்களூர் பேச்சே எடுக்க மாட்டேன்."

நான் ஆசைப்பட்டது இதைத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வீடு என்னுடையது, தறிச்சத்தம் என்னுடையது, யாரும் இனிமேல் லிப்ட் என்று பேசமாட்டார்கள். வாயைத் திறந்தால் காய்ச்சல் வெளியே வரும், அப்புறம் முட்டு வீக்கமும் வெளியே வரும், அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வாள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கை தட்டல் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு நாள் நான் நிஜமாகவே எழுந்திருக்காமல் போனாலும், காற்று அடித்தால் இவள் கை தட்டுவாள்.

"ஏட்டி, நேத்து நான் எந்திரிக்கவே இல்ல" என்றேன். "காய்ச்சல்ல கெடந்தேன். தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்ல. நீ கூப்புடுவ கூப்புடுவன்னு போனப் பாத்துட்டே கெடந்தேன். நீ கை தட்டுத."

அந்தப் பக்கம் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது.

"ஏம்மா கூப்புடல?" என்று கேட்டாள், மெதுவாக.

"கூப்புட்டா கூட்டிட்டுப் போயிருவல்லா. அதான்."

மறுநாள் விடிகிற நேரத்துக்கு வந்து இறங்கிவிட்டாள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் நாள். என்னை நகரவிடாமல் படியோரத்தில் உட்காரவைத்துவிட்டு, அவளே குடத்தை எடுத்தாள். நான் கடிகாரத்தைக் கழற்றி அவளுடைய இடது கையில் மாட்டினேன். இப்போது தெரியும் சங்கதி என்று நினைத்தேன். மேலே போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"யம்மா, எண்ணுதே! ஒண்ணு காட்டுது!"

கடிகாரத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாமா என்று வந்தது. அப்புறம்தான் கவனித்தேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குடம் வைக்க வலது இடுப்புதான் வாகு. கடிகாரம் கட்டிய இடது கையை ஜோராக வீசிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அப்பம் நீ வலது கையில கட்ட வேண்டியதுதானம்மா?" என்றாள், நான் அதைச் சொன்னதும் இறங்கி வந்து.

"வாளிய ரெண்டு கையாலயும்லா தூக்குதேன்! கால்ல கட்டட்டுமா?"

இரண்டு பேரும் வாசலில் நின்று சண்டை போட்டோம். பிறகு அவள் துணி வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினாள். அதை வைத்துவிட்டு வந்து அரிசி மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். அதன்பிறகு தண்ணீர், கையை மாற்றி. படி திரும்புகிற இடத்துக்கு வந்தபோது அவளுக்கும் மூச்சு வாங்கியது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு நான் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

"இங்கனதான் உக்காருவியா?"

"இங்கனதான்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

இறங்கி வந்து, புடவையை விலக்கி என் முழங்காலைப் பார்த்தாள். வீக்கம் முழுதும் வடியவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க லீவு போட்டு இருந்தாள். தபசுக்கு இரண்டு பேரும் கூட்டத்தில் நசுங்கி அம்மனைப் பார்த்துவிட்டு வந்தோம். ஊருக்குக் கிளம்புமுன் ஆளைக் கூப்பிட்டு, நல்ல தண்ணீரை மேலே ஏற்ற ஒரு சின்ன மோட்டாரும் குழாயும் போட வைத்தாள். எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. பேருந்து ஏறும்போது, "முடியலன்னா முடியலன்னு சொல்லணும். அத ஒண்ணு மட்டும் செய்யி" என்றாள். கடிகாரத்தைக் கழற்றித் தருகிறேன் என்றேன். மணி பார்க்கவாவது இருக்கட்டும் என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். எண் குறைந்தாலும் கூப்பிடுகிறாள், கூடினாலும் கூப்பிடுகிறாள். எத்தனை மாடி என்று கேட்பதில்லை. "இன்னைக்கு என்னத்தத் தூக்கிட்டு ஏறுன?" என்றுதான் முதல் கேள்வி. நேற்றும் அப்படித்தான் கேட்டாள்.

"ஒண்ணையும் தூக்கலட்டி. முட்டு வலிக்கு. ரெண்டு கையாலயும் செவரப் பிடிச்சிட்டுத்தான் ஏறுனேன்."

"நடுவுல உக்காந்தியா?"

"உக்காந்தேன். ரொம்ப நேரம்."

"சரி. நாளைக்கு எதையும் தூக்காத. சனிக்கிழம நான் வாரேன்."

பெங்களூரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைத்தபிறகு கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தேன். மூன்று மாடி என்று காட்டியது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை.